காட்பாடி மாடியில் ஆறு ஞாயிறுகள்: ஒரு கிரேக்க நாடக வகுப்பைப் பற்றி

காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த வாசிப்பு வகுப்புக்கு 1,500 ரூபாய் கட்டிப் போய்வந்தேன். சோஃபக்ளீஸ் எழுதிய ‘ஆன்டிகனி’ என்ற ஒரே நாடகத்தை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, பதினெட்டுப் பேர் கூடித் தமிழில் பேசிப் படிப்பதுதான் வகுப்பு. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை ஒருவர். அடுத்த சுற்றில் சேரலாமா என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். நான் நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வுபெற்றவன். இலக்கியம் பாடமாகப் படித்தவன் அல்லன். ஆகவே சட்டம், ஆணை, தண்டனை என்ற சொற்கள் வரும் இடங்களில் என் காது கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்புக்கான துண்டறிக்கையில் ‘மனச்சாட்சியா, சட்டமா?’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் இது பட்டிமன்றமாகத்தான் முடியும், இரண்டு அணி பேசியபின் நடுவர் மனச்சாட்சிக்கே மாலை போடுவார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நடக்கவில்லை என்பதுதான் இந்த வகுப்புக்கு நான் தரும் முதல் பாராட்டு.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீப்ஸ் நகரத்து ஈடிபஸின் மகன்கள் இருவரும் ஆட்சிக்காகப் போரிட்டு ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். ஆட்சிக்கு வரும் தாய்மாமன் கிரியான், ஊரைக் காத்த எட்டியோக்ளீஸுக்கு முழு மரியாதையோடு அடக்கம் என்றும், அயல் படையைக் கூட்டிவந்த பாலினைசீஸின் உடலை நாய்க்கும் பறவைக்கும் விட்டுவிட வேண்டும் என்றும், மீறுபவரை ஊரார் முன்னிலையில் கல்லால் அடித்துக் கொல்ல வேண்டும் என்றும் பறைசாற்றுகிறான். தங்கை ஆன்டிகனி மண் தூவி அண்ணனுக்கு இறுதிக்கடன் செய்கிறாள், பிடிபடுகிறாள், பாறைக் குகைக்குள் உயிரோடு அடைக்கப்படுகிறாள். கிரியான் மனம் மாறி ஓடும்போது அவள் தூக்கிட்டு இறந்திருக்கிறாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த அவன் மகன் ஹீமன் வாளில் பாய்ந்து சாகிறான்; அதைக் கேட்ட மனைவி யூரிடிசியும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில், அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில் இருந்த திறந்தவெளி அரங்கில், பட்டப்பகலில், முகமூடி அணிந்த ஆண் நடிகர்கள் மூவர் எல்லாப் பாத்திரங்களையும் தமக்குள் பகிர்ந்துகொண்டு நடித்த நாடகம் இது.

முதல் இரண்டு வாரங்களும் மெதுவாகத்தான் போயின. ஆனால் காவலாளி வந்து செய்தி சொல்லும் காட்சியில் நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். யார் போய் மன்னனிடம் சொல்வது என்று காவலர்கள் சீட்டுப் போட்டுப் பார்க்க, அகப்பட்டவன் இவன். வழியெல்லாம் நின்று நின்று வந்ததையும் மறைக்காமல் சொல்கிறான். பிறகு அவன் கொடுப்பது அசலான சாட்சி வாக்குமூலம்: மண்வெட்டி போட்ட தடம் இல்லை, தரை கெட்டியாகக் காய்ந்திருக்கிறது, வண்டிச் சக்கரம் உருண்ட அடையாளம் இல்லை, நாய் நரி இழுத்த குறியும் இல்லை, உடலின்மேல் மெல்லிய புழுதி மட்டும் தூவப்பட்டிருக்கிறது. இரண்டாம் முறை அவன் வரும்போது வாக்குமூலம் இன்னும் நுட்பமாகிறது. உடல்மேல் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டு, நாற்றம் படாத பக்கமாகப் பார்த்து மேட்டில் உட்கார்ந்திருந்தோம். உச்சிவெயிலில் புழுதிக்காற்று கிளம்பிக் கண்ணை மூடவைத்தது. அது அடங்கிப் பார்த்தால், குஞ்சு பறிபோன கூட்டைக் கண்ட பறவைபோலக் கத்திக்கொண்டு அந்தப் பெண் நிற்கிறாள். கையால் மண் அள்ளிப் போட்டு, வெண்கலச் செம்பிலிருந்து மூன்று முறை நீர்க்கடன் வார்த்தாள் என்கிறான். முப்பத்தைந்து ஆண்டுகளில் நான் எத்தனையோ சாட்சிகள் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். தன் தலை தப்பிய மகிழ்ச்சியையும், ஒரு பெண்ணை மாட்டிவிட்ட வருத்தத்தையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்ட சாட்சியைக் கூண்டில் கண்டதில்லை.

அந்த வாரமே ஒரு குறையும் கண்ணில் பட்டது. பேராசிரியை தாமே மொழிபெயர்த்து, நகலெடுத்து, ஸ்பைரல் போட்டுத் தந்த நாடகப் பிரதியில், கிரியான் பறைசாற்றியதும் ‘சட்டம்’, ஆன்டிகனி தெய்வங்களுடையது என்று சொல்வதும் ‘சட்டம்’ என்றே இருந்தன. மூலத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன என்று அவரே வாய்மொழியாக விளக்கியிருந்தார்: ‘கெரிக்மா’ என்பது பறைசாற்றிய அறிவிப்பு, ‘நோமோஸ்’ என்பது சட்டம், வழக்காறு, முறை எல்லாம் சேர்ந்தது. நான் எழுந்து, “மேடம், கலெக்டர் போட்ட தடையுத்தரவும் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டமும் ஒன்றாகுமா? இந்த நாடகத்தின் வழக்கே அந்த இடைவெளியில்தானே நிற்கிறது?” என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சரிதான் சார், நான் கவனிக்கவில்லை” என்றார். அடுத்த ஞாயிறு போனபோது பதினெட்டுப் பிரதிகளிலும் கிரியானுடைய ‘சட்டம்’ பச்சை மையால் அடிக்கப்பட்டு, மேலே ‘ஆணை’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. சில பக்கங்களில் பத்துப் பன்னிரண்டு திருத்தங்கள்.

திருத்திய பிரதியோடு படித்தபோது மூன்றாவது வகுப்பு வேறு உயரத்துக்குப் போனது. ஆன்டிகனி மன்னன் முகத்துக்கு நேரே சொல்லும் புகழ்பெற்ற பேச்சு அன்றுதான் வந்தது. இந்த ஆணையை எனக்குப் பறைசாற்றியவன் தெய்வங்களின் அரசன் ஸீயஸ் அல்லன்; எழுதப்படாத, அசையாத தெய்வ முறைகளை மனிதன் ஒருவன் தாண்டிப்போகும் அளவுக்கு உன் அறிவிப்புக்கு வலிமை உண்டென்று நான் நினைக்கவில்லை; அவை இன்றோ நேற்றோ வந்தவை அல்ல, எப்போது தோன்றின என்று எவருக்கும் தெரியாது என்கிறாள். இதைத்தான் எல்லோரும் மனச்சாட்சியின் குரல் என்கிறார்கள். ஆனால் அவள் ‘என் மனம் சொல்கிறது’ என்று எங்கும் பேசவில்லை என்பதைப் பேராசிரியை வரி வரியாகக் காட்டினார். அவள் ஒரு சட்டத்துக்கு எதிராகத் தன் உள்ளத்தை நிறுத்தவில்லை. ஓர் ஆணைக்கு எதிராக இன்னும் பழைய சட்டத்தை நிறுத்துகிறாள். மனச்சாட்சிக்கு நெருங்கிய சொல் ஏறத்தாழ ஒரு தலைமுறை கழித்து, கி.மு. 408-இல் யூரிபிடீஸின் ‘ஒரஸ்டீஸ்’ நாடகத்தில் வருகிறது. தாயைக் கொன்ற ஒரஸ்டீஸிடம் உன்னை அரிக்கும் நோய் என்ன என்று கேட்டால், ‘சினெசிஸ்’, நான் செய்த கொடுமையை நான் அறிந்திருப்பது என்கிறான். அது செய்தபின் சுடும் அறிவு. ஆன்டிகனியிடம் இருப்பது செய்வதற்கு முன்பே நிற்கும் உறுதி. துண்டறிக்கைத் தலைப்பை அவரே இப்படி உடைத்துப் போட்டது எனக்குப் பிடித்திருந்தது. (தலைப்பை வைத்தது யார் என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டார்.)

வகுப்பின் உண்மையான சொத்து, ஆரணிப் பக்கத்திலிருந்து பேருந்து பிடித்து வந்த கூத்து வாத்தியார். நாற்பது ஆண்டுகளாகத் துரியோதனன் வேஷம் கட்டுபவர், ஆங்கிலம் தெரியாது, கிரேக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பற்றி அவருக்கு அக்கறையும் இல்லை. காவலாளியை முதல் வாரமே “நம்ம கட்டியக்காரன்” (கூத்தில் கோமாளியும் அறிவிப்பாளனுமாக வருபவன்) என்று அடையாளம் கண்டுகொண்டார். நான்காவது வாரம் அவர் கேட்ட கேள்விதான் எனக்கு நாடகத்தைத் திருப்பிப் போட்டது: “மேடம், இது யாரோட ராத்திரி?” பாரதக் கூத்தில் ஒவ்வொரு இரவும் ஒருவருடைய இரவு, கர்ண மோட்சம் என்றால் அது கர்ணனுடையது. அவர் தம் மடியில் இருந்த பிரதியைத் தட்டிக் காட்டினார். நாடகம் மொத்தம் 1,353 வரிகள். ஆன்டிகனி 943-ஆம் வரியில் குகைக்குப் போய்விடுகிறாள். பிறகு வருவதே இல்லை. மிச்சமுள்ள நானூறு வரிகளும், இறுதியில் மகனின் உடலை ஏந்தி வந்து, மனைவியின் உடலையும் பார்த்து, என்னை இங்கிருந்து கொண்டுபோய்விடுங்கள் என்று அலறும் அலறலும் கிரியானுடையவை. “பேரு அந்தப் பொண்ணோடது. ராத்திரி இவனோடது” என்றார் வாத்தியார். பாரதக் கூத்தின் முடிவில் வரும் படுகளத்தில் மண்ணால் பரப்பிவைத்த துரியோதனனின் தொடை பிளக்கப்பட்டதும், அதுவரை அவனைத் திட்டித் தீர்த்த ஊர்ப் பெண்களே உட்கார்ந்து ஒப்பாரி வைப்பதைப் பார்த்திருக்கும் வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதன்பின் நான் கிரியானைக் கெட்டவனாகப் படிப்பதை விட்டுவிட்டேன். அவனுடைய முதல் பேச்சு நல்ல பேச்சு. அதிகாரத்திலும் சட்டத்திலும் புடம்போட்டுப் பார்க்காமல் ஒருவனுடைய உள்ளத்தை அறிய முடியாது என்கிறான். பயத்தால் வாயை மூடிக்கொள்ளும் ஆட்சியாளன் ஈனன் என்கிறான். நாடு என்ற கப்பல் நிமிர்ந்து நின்றால்தான் நட்பும் உறவும் என்கிறான். துரோகிகளைத் தங்கள் மண்ணில் புதைக்க அனுமதிக்காத வழக்கம் ஏதென்ஸிலேயே இருந்ததால், பார்த்தவர்களுக்கு அவன் ஆணை முழுக்க அந்நியமாகவும் பட்டிருக்காது. எல்லைக்கு வெளியே கொண்டுபோட்டால் உறவினர் எடுத்து அடக்கம் செய்துகொள்ளலாம். கிரியான் அந்த வாசலையும் அடைத்ததில்தான் தப்பு தொடங்குகிறது.

அவனுடைய செருக்கு எது என்பதில் வகுப்பில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. ‘ஹூப்ரிஸ்’ என்ற சொல்லைச் செருக்கு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒருவரைச் சிறுமைப்படுத்தி இன்பம் காணும் செயலுக்கு ஏதென்ஸில் அந்தப் பெயரிலேயே வழக்குத் தொடரலாம் என்று பேராசிரியை சொன்னார். வகுப்பில் இருந்த தமிழாசிரியர் ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’ என்ற குறளை எடுத்துவிட்டார். கேட்க அழகாக இருந்தது, ஆனால் பொருந்தவில்லை. கிரியானுக்கு இடித்துச் சொல்வார் இல்லாமலா போனார்கள்? மகன் வந்து, வெள்ளத்தில் வளைந்துகொடுக்கும் மரம் கிளையைக் காக்கும், விறைத்து நிற்பது வேரோடு போகும் என்கிறான். ஒரே மனிதனுக்குச் சொந்தமானது நகரமே அல்ல என்கிறான். குருட்டு ஞானி டைரீசியஸ் வந்து, அந்த உடலின் தசையை நாயும் பறவையும் கொண்டுவந்து பலிபீடங்களைக் கறைப்படுத்திவிட்டன என்கிறான். கிரியானோ மகனைப் பெண்ணுக்கு அடிமை என்றும், ஞானியைப் பணத்துக்கு விலைபோனவன் என்றும் சொல்லித் தள்ளிவிடுகிறான். இங்கே பொருந்தும் குறள் வேறு என்று என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன்: ‘செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன் கவிகைக்கீழ்த் தங்கும் உலகு.’ கசப்பான சொல் வந்தது. அதைப் பொறுக்கும் செவிதான் இல்லை.

இதற்கு நாடகத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. என் தொழில் புத்திக்கு அதுதான் முதலில் தட்டுப்பட்டது. கிரியான் தன் தீர்ப்பைத் திருத்தவே தெரியாதவன் அல்லன். மகனோடு சண்டை முடிந்து அவன் வெளியேறிய கையோடு, இருவரையுமா கொல்லப் போகிறாய் என்று முதியோர் குழுவான கோரஸ் கேட்கிறது. செயலில் கை வைக்காத, ஆன்டிகனியின் தங்கை இஸ்மெனியை விடுவிக்கிறேன் என்று உடனே சொல்லிவிடுகிறான். கல்லடித் தண்டனையையும் மாற்றி, ஊருக்குப் பழி சேராத அளவுக்குக் கொஞ்சம் உணவு வைத்துக் குகையில் அடைக்கச் சொல்கிறான். ஆணையில் இல்லாத தண்டனை இது. ஆக, அவனால் திருத்த முடியும். தோற்றவனாகத் தெரியாதவரை திருத்துவான். ஒரு பெண்ணிடம் தோற்றேன் என்ற பேச்சு வரக் கூடாது என்று அவனே வாய்விட்டும் சொல்கிறான். இதே நோயை நான் அலுவலகத்தில் ஒருமுறை எனக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். தவறான தேதியிட்டு நான் திருப்பி அனுப்பிய மனுவோடு ஒரு கிழவி மூன்று முறை படியேறினாள். முதல் முறையே பிழை என்னுடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இளநிலை எழுத்தர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் மூன்றாம் முறைதான் வாங்கினேன். அவளுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் ஆகிவிடவில்லை. ஆனாலும் அந்த ஞாயிறு வீடு திரும்பும் வழியில் பாலாற்றுப் பாலத்தில் அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஆன்டிகனியையும் வகுப்பு சும்மா விடவில்லை. யாரிடமும் சொல்லாமல் செய், நானும் வாய் திறக்க மாட்டேன் என்று கெஞ்சும் இஸ்மெனியிடம், ஊரெல்லாம் போய்ச் சொல் என்று சீறுகிறாள். பிறகு தானும் சேர்ந்து சாகிறேன் என்று அதே தங்கை வந்து நிற்கும்போது, நீ தொடாததில் உனக்குப் பங்கில்லை என்று தள்ளிவிடுகிறாள். ‘புனிதமான குற்றம்’ என்று தன் செயலைத் தானே அழைத்துக்கொள்ளும் அளவுக்குத் தெளிவு உள்ளவள், பக்கத்தில் நிற்பவளின் அச்சத்தைப் புரிந்துகொள்ளும் பொறுமை இல்லாதவள். மாமனும் மருமகளும் ஒரே மண்ணில் முளைத்தவர்கள் என்றார் பேராசிரியை.

ஐந்தாவது வாரம் சில நிமிடங்கள் வகுப்பு தானாக நின்றுபோனது. இருபத்தைந்து வயது இருக்கும் ஓர் இளைஞர், அதுவரை பேசாதவர், 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததை நினைவுபடுத்தினார். சுடுகாட்டுக்குப் போகும் பாதை அடைக்கப்பட்டதால், தலித் மக்கள் தங்கள் ஊரில் இறந்தவரின் உடலைப் பாலத்தின்மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். அந்தக் காட்சி வெளியானதும் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. “இங்கே எந்த ராஜாவும் பறை அடிக்கவில்லை சார். எழுதாத சட்டம் என்று இந்தப் பெண் சொல்கிறாளே, எங்கள் ஊரில் எழுதாத சட்டம்தான் பாதையை அடைத்தது. எழுதின சட்டத்தைத் தேடித்தான் நாங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டும்” என்றார் அவர். பேராசிரியை உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, இதை நான் இத்தனை ஆண்டுகளாகப் பாடம் நடத்தியும் யோசித்ததில்லை என்று மட்டும் சொன்னார். எழுதப்படாதது என்ற ஒரே காரணத்தால் ஒன்று புனிதமாகிவிடுமா என்ற கேள்வியை ஆன்டிகனியின் பேச்சுக்கு எதிரில் இவ்வளவு நேராக வைத்ததை நான் எங்கும் கேட்டதில்லை. கட்டணம் அந்த ஒரு மணி நேரத்துக்கே சரியாகிவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அதே ஐந்தாவது வகுப்பின் பின்பாதி முழுக்க 1806 வேலூர்ப் புரட்சிக்குப் போய்விட்டது. சாதிக் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்ற ராணுவ ஆணையும் சிப்பாய்களின் எதிர்ப்பும் கோட்டைக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு எழுச்சி தரும் கதைதான். ஆனால் படையாகத் திரண்டு எழுவதும், ஒருத்தி தனியாகக் கையால் மண் அள்ளிப் போடுவதும் ஒன்றல்ல. பத்து நிமிடம் போதும். ஐம்பது நிமிடம் போனது.

அதன் விளைவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நேரம் போதாமல், ஆன்டிகனி குகைக்குப் போகுமுன் பேசும் விசித்திரமான வரிகளை வாசிக்காமலே தாண்டிவிட்டார்கள். கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இந்த ஆணையை மீறியிருக்க மாட்டேன். கணவன் போனால் இன்னொருவன், பிள்ளை போனால் இன்னொன்று. தாயும் தந்தையும் மண்ணுக்குள் போனபின் இன்னோர் அண்ணன் எனக்குப் பிறக்க மாட்டான் என்கிறாள். தெய்வங்களின் அசையாத முறை என்று முழங்கியவள் இப்படிக் கணக்குப் பார்க்கலாமா என்று திகைத்த ஜெர்மன் கவிஞர் கெதே, இவை சோஃபக்ளீஸின் வரிகள் அல்ல என்று ஏதாவது ஓர் அறிஞர் நிரூபிக்கமாட்டாரா என்று 1827-இல் ஏங்கினார். ஆனால் அரிஸ்டாட்டிலே இவற்றை மேற்கோள் காட்டியிருக்கிறார். எனக்கு இவை பொய்யாகப் படவில்லை. தத்துவம் பேசி முடித்து, சாவு கண்ணுக்கு முன் நிற்கும்போது வாயில் வருவது இப்படித்தான் இருக்கும். சட்டத்தையும் மனச்சாட்சியையும் பற்றிய வகுப்பு நழுவவிடக் கூடாத இடம் இது. கோரஸ் பாடல்களையும் ஓட்டமாகவே படித்தார்கள். மனிதனைப் பற்றிய பாடலில் வரும் ‘டைனொஸ்’ என்ற சொல் வியப்புக்குரியது, அஞ்சத்தக்கது இரண்டையும் குறிக்கும் என்பதை மட்டும் நின்று விளக்கினார்கள். நம் ‘பயங்கரம்’ அதற்கு அருகில் வரும் என்று வாத்தியார் சொன்னது பேராசிரியைக்கும் பிடித்திருந்தது.

ஆறாவது வகுப்பு பழைய நிதானத்துக்குத் திரும்பியது. கிரியான் பணியும் இடத்தில், நிலைபெற்ற சட்டங்களைக் காத்தபடியே வாழ்ந்து முடிப்பதுதான் நல்லதோ என்று அஞ்சுகிறேன் என்கிறான். திருத்திய பிரதியில் பச்சை மை படாத ‘சட்டம்’ அது. முதியோர் அவனுக்குச் சொல்லும் வரிசை: முதலில் பெண்ணை விடுவி, பிறகு உடலுக்குக் கல்லறை எழுப்பு. கிரியான் செய்யும் வரிசை: முதலில் உடலைக் கழுவி எரித்து மேடு எழுப்புகிறான், பிறகு குகைக்கு ஓடுகிறான். செத்தவனுக்கு முறைப்படி எல்லாம் முடித்துவிட்டு உயிரோடு இருப்பவளிடம் போகிறான். ஏன் இந்த வரிசை என்று நாடகம் சொல்லவில்லை. வகுப்பில் நாங்கள் முக்கால் மணி நேரம் பேசினோம். கோப்புகளை வந்த வரிசையில் எடுத்துப் பழகிய ஆள் என்ற முறையில் எனக்கு மட்டும் அதில் பெரிய புதிர் எதுவும் தெரியவில்லை.

வசதிகளைப் பற்றி இரண்டு வரி. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் செல்லவும். தகரக் கூரை என்பதால் பங்குனி மாதத்துக்கு மேல் அந்த அறையில் உட்கார்வது வேலூர்க்காரர்களுக்கே கடினம். இரண்டு மின்விசிறிகளில் ஒன்று பேச்சை விழுங்குகிறது, ஆகவே முன்வரிசையில் அமர்வது நல்லது. இடைவேளைத் தேநீர் நன்றாக இருக்கிறது. ஆங்கிலம் தெரியாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. தேர்வுக்குக் குறிப்பு எடுக்க வரும் மாணவர்களுக்கு இது உதவாது.

அடுத்த சுற்றில், கி.மு. 458-இல் எஸ்கிலஸ் எழுதிய ‘யூமெனிடீஸ்’ என்ற நாடகத்தை எடுக்கிறார்கள். தாயைக் கொன்ற ஒரஸ்டீஸை ஏதென்ஸில் நீதிபதிகள் முன் நிறுத்தி, வாக்குகள் சமமாக விழ, அவன் விடுதலையாகும் கதை. நாடகத்துக்குள் முழு நீதிமன்றமே நடக்கிறது. நான் பணம் கட்டிவிட்டேன். வாத்தியாருக்குச் சித்திரை முழுக்கக் கூத்து இருப்பதால் அவர் வரமாட்டார் என்கிறார்கள். அவர் ஓய்ந்திருக்கும் மாதத்துக்கு வகுப்பைத் தள்ளிவைக்கும்படி பேராசிரியைக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.